ஐயாவின் ஹெரால்டும் தோப்பில் கிடந்த ஹெரால்டும்: கார் ஷெட்டில் நடக்கும் வேலை

முகப்புத்திண்ணை:

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் எனக்கு. எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்தெரு வாசலை ஒட்டிய கார் ஷெட்டில் ஐயா, அதாவது என் தாத்தா, வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1964ஆம் ஆண்டு வண்டி, 1986இல் கடைசியாக நிறுத்தியபடியே நின்றது. போன சித்திரையில் பங்காளிகள் கூடி வீட்டுக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசியபோது, "அந்த இரும்பை எடைக்குப் போட்டால் ஒரு பக்கச் சுவருக்காவது சுண்ணாம்பு ஆகும்" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்புக் காசை நான் தருகிறேன், வண்டியை எனக்கு விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதைய நிலை: எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. காற்று வடிகட்டிக்குள் குளவிக்கூடு. பின் இருக்கையில் எலி நான்கு தலைமுறை பார்த்திருக்கும். தரைத்தகடு அப்பளம். ஆனால் கூரையும் கதவுகளும் தட்டினால் மணி போல ஒலிக்கின்றன. எங்கள் பக்கம் காற்றில் உப்பு இல்லை என்பது பெரிய வரம். இதே வண்டி தொண்டியில் நின்றிருந்தால் சல்லடையால்தான் அள்ளியிருக்க வேண்டும்.

வீட்டு ஷெட்டில் பிரித்துப் பூட்ட இதைப்போல் தோதான கார் குறைவு. அடியில் சேஸ் என்னும் தனி இரும்புச் சட்டகம், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கிய உடம்பு. இங்கிலாந்தில் இதை வடிவமைத்த காலத்தில், அவர்களுக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதாம். அதனால் ஆளுக்கொரு துண்டாகச் சிறு பட்டறைகளில் செய்து வாங்கிப் பூட்டும்படி வரைந்தார்கள். அவர்களுக்கு வந்த நெருக்கடி எனக்கு வசதியாகப் போயிற்று. முன் மூடி இரண்டு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

சென்னையில் 1961இல் தொடங்கிய வண்டி இது. 1980களின் முடிவோடு கம்பெனியும் போயிற்று, உதிரியும் போயிற்று. ஆகவே புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை மட்டைக்கு அடியில் கிடந்த இன்னொரு ஹெரால்டை நாற்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதைப் பிரித்து இதற்குப் போடுவது திட்டம். ஒரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன்: தோப்பு வண்டி பிற்காலத்து மார்க் 3, நான்கு கதவு. என்னுடையது இரண்டு கதவு. மட்டையை விலக்கிப் பார்க்காமலே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மூன்று கேள்விகள். இறுகிய எஞ்சினை எப்படி இளக்குவது? சிறு பாகங்களின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் எடுக்க வழி உண்டா? முன் சக்கரம் திரும்பும் மூட்டான டிரன்னியனுக்கு கிரீஸா, எண்ணெயா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். உயிர் போகிற விஷயம் அதுதான்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கல டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழலும். அங்கே போக வேண்டியது கியர் எண்ணெய், 90ஆம் நம்பர். கிரீஸ் போட்டால் அது நாளடைவில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும், மரைக்குள் இறங்காது. தண்ணீர் மட்டும் எப்படியோ இறங்கிவிடும். துரு அரித்த தண்டு அந்த இடத்திலேயே முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். திருமயம் சாலையில் ஒரு டாக்டர் வண்டிக்கு அப்படி ஆனதை இழுத்துவரப் போனவன் நான். மெதுவாகத் திரும்பும்போது முறிந்ததால் டாக்டர் பிழைத்தார்.

எஞ்சினுக்கு அவசரம் வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டு வாரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். முன்னால் ஸ்பேனர் போட்டு முக்கவும் வேண்டாம். பிஸ்டன் ரிங் உடைந்தால் சிலிண்டரின் உள்சுவரில் கீறல் விழும், அப்புறம் ஸ்லீவ் என்னும் உள்ளுறை போடும் செலவு.

புதுவயல் புல்லட்:

மன்னிக்க வேண்டும் ஐயா. எங்கள் ஊர்ப் பட்டறையில் பல ஆண்டுகளாக எல்லா வண்டிக்கும் கிரீஸ்தான் அடிக்கிறார்கள். அங்கே நிப்பிள் என்று சிறு குழாய்வாய் வைத்திருப்பதே கிரீஸுக்குத்தானே?

பழைய ஃபிட்டர்:

குழாய் இருந்தால் தண்ணீர்தான் வரும் என்று நினைக்கிறீர்களா? செக்கிலும் குழாய் உண்டு. கிரீஸ் துப்பாக்கியைப் பெட்ரோலில் கழுவிவிட்டு அதற்குள் எண்ணெய் ஊற்றி அடியுங்கள், அடிப்பக்கம் கசியும் வரைக்கும். தரை நாறும். நாறட்டும்.

புதுவயல் புல்லட்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒன்று. நான் பழைய புல்லட்டுகளில் வேலை செய்கிறவன். பிரித்த வண்டியிலிருந்து எடுத்த போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிவைத்து நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய புல்லட்டில் பல இடங்களில் சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. அருகில் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாம் சுற்றில் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஹெரால்டிலும் அங்குல மரைதான். கையால் ஐந்து சுற்று ஏறாத போல்ட் அந்தத் துளைக்கு உரியது அன்று. கழற்றியவுடன் அந்தந்தத் துளையிலேயே நான்கு சுற்றுத் திருப்பி மாட்டி வைத்துவிடுவது என் வழக்கம்.

சம்பை ஊற்று:

துரு பற்றிக் கேட்டது காரைக்குடிப் பக்கத்திலிருந்து என்பது வேடிக்கை. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலம் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் 1953 முதல் இயங்குகிறது. உலோகம் ஏன் அரிக்கிறது என்பது அங்கே முக்கியமான ஆராய்ச்சி. நான் அங்கே வேலை பார்த்தவன் அல்லன்; கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு இப்போது வீட்டில் பழைய பூட்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். துருவும் மின்வேதியியல்தான், அதைத் திருப்பி அனுப்புவதும் மின்வேதியியல்தான்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சமையல் சோடா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை நீங்கள் சுத்தம் செய்ய வேண்டிய பாகத்தில் மாட்டுங்கள். பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டில் மாட்டித் தொட்டிக்குள் எதிரே நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாற்றி மாட்டினால் துரு போகாது, பாகம் போகும். சார்ஜரைப் போட்டதும் குமிழி கிளம்பும். ஓர் இரவு கழித்து எடுத்தால் கறுப்பு மாவு போல் இருக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். தகடு பாகத்துக்கு நேரே நின்று பார்க்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே நடுவில் திருப்பிவையுங்கள்.

கிளம்பும் குமிழி ஹைட்ரஜன். கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள், பக்கத்தில் பீடி பிடிப்பவரை நிற்கவிடாதீர்கள். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிடும் புத்திசாலிகள் உண்டு. அதிலிருந்து குரோமிய நஞ்சு தண்ணீரில் கரையும். அலுமினியப் பாகத்தை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. கடினப்படுத்திய ஸ்பிரிங்குகளையும் தவிர்த்துவிடுங்கள், ஹைட்ரஜன் ஏறி முறியக்கூடும்.

எடுத்தவுடன் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் செம்மண் நிறத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடும்.

முகப்புத்திண்ணை:

தொட்டி வேலை செய்கிறது! கதவுக் கீல்கள், பானட் கொக்கி, இருக்கைத் தண்டவாளம் எல்லாம் எடுத்தேன். கீலில் இங்கிலாந்துக் கம்பெனியின் முத்திரை எழுத்து தெரிகிறது. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, சாம்பார் கொதிக்கிற மாதிரி கொதிக்குது" என்று கேட்டார். பிறகு ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைப் பக்கம் எண்ணெய்க் கையோடு வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டுப் போனார்.

தோப்பு வண்டியிலிருந்து கியர் பெட்டி, டைனமோ, முன்விளக்கு வளையம், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி மூன்று எடுத்தாகிவிட்டது.

பள்ளத்தூர்ப் பேத்தி:

அண்ணே, தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று கேட்கலாமா?

எங்கள் ஐயா வீடு பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பொது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போடமாட்டார். எட்டு ஆண்டு கழித்து எல்லாரும் சேர்ந்து போட்ட ஒரே கையெழுத்து, வீட்டைப் பிரிப்பதற்குத்தான். பர்மாத் தேக்குத் தூண்கள் லாரியில் போயின. நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி எல்லாம் தனித்தனி விலை. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகவே எனக்குப் பயம், எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளை அங்கே பார்த்துவிடுவேனோ என்று. எங்கள் நிலைக்கதவை வெளியூர் ஓட்டல் ஒன்றின் வரவேற்பறையில் பார்த்தேன். சிறுமியாக இருந்தபோது ஆணியால் நான் கீறிய எழுத்து அடியில் அப்படியே இருந்தது. பாலிஷ் போட்டு அதை இன்னும் அழகாக்கியிருந்தார்கள்.

உங்கள் ஐயா வண்டியை எடைக்குப் போடச் சொன்னபோது சுருக்கென்றது என்கிறீர்கள். தோப்பில் கிடந்த வண்டிக்கும் ஓர் ஐயா இருந்திருப்பாரே?

புதுவயல் புல்லட்:

இரும்பையும் வீட்டையும் ஒன்றாக்க முடியுமா அக்கா? அந்த வண்டி தோப்பிலேயே மக்கியிருக்கும்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

வீட்டைப் பிரித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், தம்பி. மக்கிப்போகிறது என்று.

பழைய ஃபிட்டர்:

நான் இதில் தலையிட மாட்டேன். ஆனால் தோப்பு வண்டியின் சேஸை யாராவது குத்திப் பார்த்தீர்களா? அதற்குள் தீர்ப்பு எழுதாதீர்கள்.

முகப்புத்திண்ணை:

மூன்று நாள் பதில் எழுதவில்லை. தங்கச்சி கேட்டது ஷெட்டுக்குள் போகும்போதெல்லாம் கூடவே வந்தது.

ஃபிட்டர் ஐயா சொன்னபடி ஸ்க்ரூடிரைவரால் சேஸை நெடுகக் குத்திப் பார்த்தேன். முன்பாதி உறுதி. பின்பாதியில் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடம் வரை கறையான் தின்ற சட்டம்போல் உள்ளே போய்விட்டது. உடம்பைத் தாங்கும் பக்கக் கைகள் நான்கில் மூன்று இல்லை. ஆர்.சி. புத்தகமும் இல்லை. அதை ஓடவைக்க என்னால் முடியாது. வேறு யாராலாவது முடிந்திருக்குமா என்றால், காசும் பத்து ஆண்டும் இருந்தால் முடியலாம். அதை மறைக்கவில்லை.

ஆனால் நான் செய்த ஒன்று தவறு. என்ன எடுத்தேன், எங்கே போட்டேன் என்று எழுதாமல் கைக்கு வந்ததைக் கழற்றினேன். கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்துவிட்டுக் கணக்கு எழுதாமல் இருந்தது வெட்கம். நேற்று ஒரு பேரேடு போட்டேன். இடப்பக்கம் தோப்பு வண்டி, வலப்பக்கம் ஐயா வண்டி. எந்தத் தேதியில் எது இங்கிருந்து அங்கே போயிற்று என்று. தோப்பு வண்டியின் சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. எனக்குப் பயன்படாத எதுவும் எடைக்குப் போகாது. இந்த இழையில் கேட்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன், வண்டி வாடகை மட்டும் அவர் பாடு.

பள்ளத்தூர்ப் பேத்தி:

பேரேடு போட்டது நல்லது. எங்கள் வீட்டுக்கு அதுகூட யாரும் எழுதவில்லை. என் கேள்வி தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அண்ணே.

ஈப்போ வாசி:

மலேசியாவில் இருக்கிறேன், பூர்விகம் கோட்டையூர். டிரன்னியன் விஷயத்துக்குத் திரும்பலாமா? தோப்பு வண்டியிலிருந்து அதைக் கழற்றிப் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். எத்தனை ஆண்டு கிரீஸில் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் இந்த வண்டிக்கென்றே உதிரி விற்கும் கடைகள் உண்டு. டிரன்னியனும் நெட்டுத் தண்டும் புதிதாகவே கிடைக்கின்றன. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர் என்பதால் ஜோடியாகக் கேளுங்கள். ஆனால் நான்கு கதவு வண்டியின் கதவு உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த வண்டி இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது.

பழைய ஃபிட்டர்:

சரியாகச் சொன்னார். பழைய வண்டியிலிருந்து கண்ணாடி எடு, கைப்பிடி எடு, கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எடு. நிறுத்துவதும் திருப்புவதும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், டிரன்னியன், ஸ்டியரிங் முட்டுகள் எதிலும் சிக்கனம் கூடாது. பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எஞ்சின் இளகியதும் ஒரு சோதனை. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் உள்ளே கிராங்க் தண்டை இடத்தில் நிறுத்தும் பிறை வடிவத் தகடுகள் தேய்ந்துவிட்டன. அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு போனாலே அதிகம். விட்டால் தகடு கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும், கிராங்க் பிளாக்கையே அறுக்கும். இந்த எஞ்சினின் பரம்பரை நோய் இது.

இன்னொன்று. பெட்ரோல் டாங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங்குக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நிரம்பிய டாங்கைவிடக் காலி டாங்க் பயங்கரம். உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும். ஒரு பையனுக்குப் புருவத்தோடு போயிற்று, கண் தப்பியது.

சம்பை ஊற்று:

பெட்ரோலைப் பற்றிச் சொல்ல மறந்தோம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். 1964ஆம் ஆண்டு ரப்பருக்கு அது விஷம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமையும் எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் டாங்கில் தேக்கிவைக்காதீர்கள். வால்வு இருக்கை தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்திலேயே நின்றுவிட்டது, ஆகவே ஹெட்டைக் கழற்றும்போதே எக்சாஸ்ட் வால்வு இருக்கையில் கடின வளையம் போட்டுவிட்டால் நிம்மதி.

தேவகோட்டை டைனமோ:

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். பதிவு விஷயத்தில் ஒரு வார்த்தை. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு இருபதாயிரம், பத்து ஆண்டு செல்லும், எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். காரைக்குடிச் சந்தைக்குக் காய் வாங்கப் போக முடியாது. ஐயா பெயரில் பழைய ஆர்.சி. இருந்தால், வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுத்துப் பழைய எண்ணையே காப்பாற்றப் பாருங்கள். சேஸை மட்டும் மாற்றாதீர்கள். எண் போனால் வண்டியே வேறு வண்டி.

கடைசியாக, என் சொந்த விஷயம். என்னிடம் மார்க் 3 இருக்கிறது, நான்கு கதவு. ஆறு ஆண்டுக்கு முன் மரக்கிளை விழுந்து இடப்பக்கப் பின் கதவு நசுங்கியது. சென்னையில் பழைய உதிரி விற்கும் புதுப்பேட்டை வரை அலைந்தேன். இப்போது அந்த இடத்தில் தகரத்தை ரிவெட் அடித்து வைத்திருக்கிறேன், பார்க்க ஐஸ் வண்டி போல. உங்கள் பேரேட்டில் அந்தக் கதவு இருக்கிறதா?

முகப்புத்திண்ணை:

இருக்கிறது. அடிப்பக்கம் ஒரு சாண் துரு. மற்றபடி கீல், பூட்டு, கண்ணாடி எல்லாம் சரி. நாலு கதவையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் பிரித்து என்ன செய்வது?

ஐயா வண்டியின் எஞ்சின் நேற்று இளகியது. டாப் கியரில் போட்டு அசைத்தபோது முதலில் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெருமூச்சு போலச் சத்தம் வந்தது, பிளக் துளைகளிலிருந்து கறுப்பு எண்ணெய் என் சட்டைமேல். புல்லி நகரவில்லை, ஃபிட்டர் ஐயா. கண்ணுக்குத் தெரியவில்லை.

பழைய ஃபிட்டர்:

கண்ணை நம்பாதீர்கள். டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள்.

தேவகோட்டை டைனமோ:

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன லாரியோடு வருகிறேன். கயிறும் சாக்கும் நானே கொண்டுவருவேன். பேரேட்டில் என் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

கதவின் உள்பக்கத்தைத் துடைக்கும்முன் ஒரு தடவை பாருங்கள். யாராவது ஏதாவது கீறியிருப்பார்கள்.

முகப்புத்திண்ணை:

பார்த்தேன், தங்கச்சி. வலப்பக்கப் பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, சிறுவர் கையெழுத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். எட்டு வருவதற்குள் யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று பேரேட்டில் எழுதியிருக்கிறேன். டைனமோ அண்ணே, ஞாயிறு பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். அப்பத்தா கும்மாயம் கிண்டப் போகிறார்.